தலைமையாசிரியருக்கு இரு பக்கமும் விளக்கு

திட்டம் போடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. திட்டத்தைப் போட்டுவிட்டு வேலையைச் செய்கிறவர்கள் ஒரு வகை. திட்டத்துக்குக் கலர் அடித்துக்கொண்டே இருந்துவிட்டு, வேலை என்று வந்ததும் யாராவது ஒரு அண்ணையின் தலையில் கட்டிவிடுகிறவர்கள் மற்ற வகை. நான் இரண்டாவது வகை என்பது எனக்குத் தெரிய வந்தபோது நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை இரண்டாவது தடவை பூட்டிய ஜனவரி மாதம் அது. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் நான் ஆசிரிய உதவியாளராக இருந்தேன். (அதாவது பென்சில் சீவுவது, மூக்குத் துடைப்பது, சண்டை விலக்குவது. அம்மா ஊரில் எல்லோருக்கும் ‘மகள் லண்டனில டீச்சர்’ என்று சொல்லி வைத்திருந்தார்.) வேலை தற்காலிகம்தான், ஈஸ்டர் விடுமுறையோடு முடிந்துவிடும். கணவர் சமைத்துக்கொண்டிருந்த உணவகமும் பூட்டிக் கிடந்தது. அவர் வீட்டில் இருந்தபடி நாலு பேருக்கு நாற்பது பேரின் அளவில் சமைத்துக்கொண்டிருந்தார். ‘நிரந்தரம்’ என்ற சொல்லை அந்த நாட்களில் நான் கனவில்கூடக் கண்டேன்.

எங்கள் தலைமையாசிரியர் மிஸ்டர் பெல்லிங் நெடிய மனிதர், மெதுவாகப் பேசுவார். காலையில் கேற்றடியில் நின்று ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி வணக்கம் வைப்பார். தமிழ்ப் பெயர்களை அவர் உச்சரிக்கும்போது அவை நாலு துண்டாக உடைந்து விழும். ஆனாலும் ஒரு நாளும் விட்டுவிட மாட்டார். அவர் என்னைக் கூப்பிட்டுப் பிரச்சினையைச் சொன்னார். முதல் தடவை பூட்டியபோது தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் ஒன்லைன் வகுப்பின் பக்கமே தலை காட்டவில்லை. இந்தத் தடவை எவ்வளவு நாள் இழுக்கும் என்று யாருக்கும் தெரியாது.

“பாடம் இருக்கிறது, கொடுக்க லாப்டொப்பும் இருக்கிறது. பெற்றோரைத்தான் பிடிக்க முடியவில்லை” என்றார். “தமிழ்க் குடும்பங்களுக்கென்று நீங்கள் ஒரு திட்டம் போடுங்கள். வியாழக்கிழமை மாலை சூமில் கூட்டம் வைப்போம். நிர்வாகக் குழுத் தலைவியும் வருவார். கூட்டம் நன்றாக நடந்தால், உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி நானே அவரிடம் கேட்பேன்.”

அன்றே இறங்கிவிட்டேன். ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோடும் வீட்டுக்கு மஞ்சள், அப்பா போனைக் கடைக்குக் கொண்டுபோய்விடும் வீட்டுக்குப் பச்சை, போன் இருந்தும் டேட்டா இல்லாத வீட்டுக்கு நீலம் என்று கால அட்டவணை போட்டேன். எழுத்துக்கு ஒரு நேரம், கணக்குக்கு ஒரு நேரம், பழம் சாப்பிட ஒரு நேரம். (எங்கள் வீடுகளில் பழம் சாப்பிட யார் நேரம் பார்க்கிறார்கள்? இருந்தாலும் போட்டேன், ஆரஞ்சுக் கலர் மிச்சம் இருந்தது.) கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, “கலர் வடிவாத்தான் இருக்கு. ஆனா சனம் வருமோ?” என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஏனென்றால் அதே கேள்வியைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாடசாலை அனுப்பும் மின்னஞ்சலை எங்கள் சனம் படிப்பதில்லை. ஒரு தகப்பனுக்குப் போன் எடுத்துக் கேட்டேன். “ஈமெயிலோ? அது எனக்கு இங்கிலிசு விளங்காதெண்டு என்ரை மகன்தான் பாக்கிறவன். பள்ளிக்கூடத்தில இருந்து ஒண்டும் வாறேல்லை எண்டுதான் சொல்லுறான்” என்றார். மகனுக்கு எட்டு வயது. அவன் தன் திட்டத்தை என்னைவிட நன்றாகப் போட்டிருந்தான்.

அப்போதுதான் எனக்குப் பரமண்ணையின் நினைவு வந்தது. மிச்சத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் பரமண்ணை, எங்கள் ஊர்ச் சனத்துக்கு மரண அறிவித்தல் அனுப்புகிறவர். கடமைக்காகவோ காசுக்காகவோ அல்ல, அவருக்கு அதில் ஒரு கைராசி. லண்டனில் ஒருவர் கண்ணை மூடினால், பரமண்ணையின் வாட்ஸ்அப் வழியாக ரொறன்ரோவும் பாரிசும் யாழ்ப்பாணமும் தேத்தண்ணி ஆறுவதற்குள் அறிந்துவிடும். அந்தக் காலத்தில் அவருக்கு ஓய்வே இல்லை. செத்த வீட்டுக்கு நாலு பேர் போகவே தடை, மற்றவர்கள் எல்லோரும் வெள்ளை உடுத்துக்கொண்டு சூமில் பார்த்து அழுதோம். நெருங்கிய சிலரை நாங்களும் அப்படித்தான் அனுப்பி வைத்தோம். அந்தத் துக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எங்கள் சனம் உடனே திறந்து பார்க்கும் ஒரே செய்தி பரமண்ணையின் செய்திதான் என்று எனக்குத் தெரியும். பாடசாலைக் கூட்டத்தையும் அதே வழியில் அனுப்பினால் என்ன?

“நீ ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை” என்றார் பரமண்ணை. “விசயத்தை எழுதி அனுப்பு. தலைமையாசிரியற்றை நல்ல படம் ஒண்டும் அனுப்பு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“வடிவா இருக்கவேணும் அண்ணை. என்ரை வேலை இதிலதான் இருக்கு.”

“என்ரை நோட்டீசில இதுவரைக்கும் ஆரும் குறை சொன்னதில்லை” என்றார். (அது உண்மை. சம்பந்தப்பட்டவர்கள் யாரும் குறை சொல்லும் நிலையில் இருந்ததில்லை.)

அறிவித்தல் தயாராகி என் போனுக்கு வந்தபோது நான் ஆரஞ்சுக் கலருக்கு ஓரம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணால் பார்த்தேன். நடுவில் நீள்வட்டச் சட்டத்துக்குள் மிஸ்டர் பெல்லிங் சிரிக்கிறார். இரு பக்கமும் குத்துவிளக்கு எரிகிறது. பின்னால் நீல வானம், வெண்மேகம். ‘மிகவும் மங்களகரமாக இருக்கிறது’ என்று நினைத்தேன். ‘அறிவித்தல்’ என்று தலைப்பு. நான் ‘பெற்றோர்’ என்று எழுதியிருந்த இடத்தில் ‘உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் தவறாது கலந்துகொள்ளவும்’ என்று இருந்தது. பரமண்ணையின் பெருந்தன்மை என்று எண்ணி, ‘சூப்பர் அண்ணை, அனுப்புங்கோ’ என்று பதில் போட்டேன்.

வியாழக்கிழமை மாலை கூட்டத்தைத் திறந்தேன். திறந்த வேகத்தில் சனம் வந்து குவிந்தது. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்குள் முகங்கள். எல்லோரும் வெள்ளை உடுத்து, தலை குனிந்து, ஒரு சத்தமில்லாமல் இருந்தார்கள். எங்கள் சனத்துக்குக் கல்வி என்றால் எவ்வளவு பயபக்தி என்று எனக்கு மெய்சிலிர்த்தது. நூறு பேருக்குத்தான் இடம், அந்த நூறும் நிரம்பிவிட்டது. நிர்வாகக் குழுத் தலைவி வெளியே நின்று உள்ளே வரமுடியாமல் தட்டிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

மிஸ்டர் பெல்லிங் வந்திருந்தார். ஆனால் பாடசாலையின் பழைய கணினியில் கமராவும் மைக்கும் வேலை செய்யவில்லை. அவருடைய கட்டத்தில் அந்தச் சிரித்த படம் மட்டும்தான் அசையாமல் இருந்தது.

யாரோ ஒரு பெரியவர் மைக்கைத் திறந்து உருக்கமாகப் பதிகம் பாடத் தொடங்கினார். தமிழர் கூட்டம், கடவுள் வணக்கத்தோடுதானே தொடங்கும்? நானும் கைகூப்பி இருந்தேன். பாடி முடிந்ததும் ஒரு மூலையில் என் பெரியம்மாவின் முகம் தெரிந்தது. அவர் இருப்பது ரொறன்ரோவில்.

“பெரியம்மா! நீங்களும் வந்திருக்கிறியளோ?”

“வராமல் இருக்கேலுமே பிள்ளை? உன்ரை வேலையிடத்துப் பெரியவர் எல்லே” என்றார் தழுதழுத்த குரலில். என் பெருமையைப் பார்க்க ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கிறாரே என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “என்ன வயசு அவருக்கு?”

“அறுபது வராது.”

“ச்சா, சின்ன வயசு. பிள்ளையளோ?”

“ரெண்டு பேர். யூனிவர்சிட்டியில படிக்கினம்.”

“பாவம்” என்று கண்ணைத் துடைத்தார் பெரியம்மா. லண்டனில் யூனிவர்சிட்டிக் கட்டணம் அப்படி. பாவம்தான் என்று நானும் தலையாட்டினேன்.

அடுத்து, எங்கள் பாடசாலையில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் கவினின் அம்மா விம்மினார். “பள்ளிக்கூடம் வரமாட்டன் எண்டு என்ரை பிள்ளை ஒவ்வொரு நாளும் கத்தினவன். இவர்தான் கேற்றடிக்கு வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறவர். ஒரு நாளும் முகம் சுழிச்சதில்லை. நான் அவருக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை அக்கா.”

“இப்ப சொல்லுங்கோவன். அவர் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்” என்றேன்.

“ஓம் அக்கா. எங்கையிருந்தாலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்” என்று அவர் ஓவென்று அழுதார். அவரைப் பார்த்து வேறு ஏழெட்டுப் பேரும் அழுதார்கள். கால அட்டவணையைக் காட்டுவதற்கு முதலே இப்படி அழுகிறார்களே, ஆரஞ்சுக் கலரைக் கண்டால் என்ன ஆவார்களோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

கூட்டத்தைக் கட்டுக்குள் கொண்டுவர நினைத்து, டீச்சர் குரலில் சொன்னேன்: “எல்லாரும் ஒரு நிமிசம் அமைதியா இருங்கோ. மிஸ்டர் பெல்லிங் இப்ப வந்து உங்களோட கதைப்பார்.”

நூறு பேரும் அப்படியே உறைந்துபோனார்கள்.

“ஆர்?” என்றார் பெரியம்மா.

அந்த நேரம் பார்த்து மைக் வேலை செய்யத் தொடங்கியது. சிரித்தபடி இருந்த அந்தப் படத்திலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது. “எல்லோருக்கும் வணக்கம். நான் பேசுவது கேட்கிறதா?”

நாலு நாட்டுச் சனமும் ஒன்றாகக் குளறியதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. “ஐயோ முருகா!” என்று பெரியம்மா போட்ட கூச்சலோடு அவருடைய கட்டத்தில் கூரை தெரிந்தது, பிறகு ஒரு கால் தெரிந்தது, பிறகு ஒன்றுமில்லை. பாரிசில் யாரோ தைரியசாலி, “பயப்பிடாதேங்கோ! உது முந்தி ரெக்கோட் பண்ணி வைச்ச குரல்!” என்று ஆறுதல் சொன்னார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, கமராவும் வேலை செய்துவிட்டது. மிஸ்டர் பெல்லிங் கையில் தேநீர்க் கோப்பையோடு எல்லோருக்கும் கையசைத்தார்.

“அக்கா!” என்று கவினின் அம்மா கத்தினார். “இவர் சாகேல்லையோ?”

நான் போனை எடுத்து அந்த அறிவித்தலை முதல் தடவையாக இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சட்டம். விளக்கு. மேகம். உற்றார், உறவினர். ‘மரண’ என்ற ஒரு சொல்லைத்தான் பரமண்ணை எடுத்திருந்தார், மற்றதெல்லாம் வழமையானது. நான் எழுதிய கூட்ட விபரம் அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. என் கன்னம் எரிந்தது. வேலை போய்விட்டது என்று அந்த இடத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தது. என் போன் கிணுங்கியது. கூட்டத்தில் ஒரு மூலையில் இருந்த பரமண்ணை உடனடியாகத் திருத்தம் அனுப்பியிருந்தார்: ‘திரு. பெல்லிங் அவர்கள் உயிருடன் உள்ளார் என்பதை ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் அறியத் தருகிறோம்.’ அதே சட்டம், அதே விளக்கு, அதே மேகம்.

வெளிநாட்டுச் சனம் மெல்லக் கழன்றுகொண்டது. எங்கள் பெற்றோருக்கு மட்டும் எழும்பிப் போக முகமில்லை. உயிரோடு இருக்கிற மனிதருக்கு அழுதுவிட்டு, அவருடைய பேச்சைக் கேட்காமல் எப்படிப் போவது? கடைசிவரை இருந்தார்கள். மஞ்சள் வீட்டுக்காரர் லாப்டொப் கேட்டார். பச்சை வீட்டுக்காரர் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகச் சத்தியம் செய்தார். பழ நேரத்தைக்கூட ஒருவரும் எதிர்க்கவில்லை.

மறுநாள் மிஸ்டர் பெல்லிங் போன் எடுத்தார். பாடசாலைக் கூட்டம் ஒன்றில் இடமில்லாமல் திரும்பிப்போனது தலைவிக்கு இதுவே முதல் தடவையாம், அசந்துபோயிருக்கிறாராம். “ஆனால் அந்த அம்மா ஏன் அப்படிக் கத்தினார்?” என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. முழுவதையும் சொன்னேன்.

“அழுத அந்தப் பெண் என்னைப் பற்றி என்ன சொன்னார்?” என்று கேட்டார்.

கேற்றடியை, கையைப் பிடித்துக் கூட்டிப்போவதை, சொல்லாமல் போன நன்றியை எல்லாம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “இத்தனை வருடத்தில் பெற்றோர் என்னிடம் பேசியதெல்லாம் கார் நிறுத்த இடமில்லை என்பதைப் பற்றித்தான்” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, வேலைக்காக அல்ல. அடுத்த திங்கட்கிழமை எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும், அந்த எட்டு வயதுத் திட்டக்காரன் உட்பட, ஒன்லைன் வகுப்பில் இருந்தார்கள். ஈஸ்டருக்கு முன்னமே நான் நிரந்தரமானேன்.

பெரியம்மாதான் இன்னும் நம்பவில்லை. கூரையும் காலும் தெரிந்த நேரத்தில் அவர் போய்விட்டாரே. கையசைத்ததை அவர் காணவில்லை, குரலை மட்டும் கேட்டார். திருத்த அறிவித்தலிலும் விளக்கு இருந்ததால் அதை வாசிக்காமலே, ‘ஆத்மா சாந்தியடையட்டும்’ என்று பதில் போட்டுவிட்டார். நாங்கள் என்ன சொன்னாலும், “எனக்கு நெஞ்சு வருத்தமெண்டு மறைக்கிறியள்” என்கிறார். எங்கள் வீட்டில் இப்போதும் யாராவது கூப்பிட்ட குரலுக்கு வராவிட்டால், “பரமண்ணையிட்டைச் சொல்லு, விளக்கு வைக்கட்டும்” என்றுதான் மிரட்டுவது.

போன மாதம் மிச்சத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டூட்டிங்கில் ஒரு யாழ்ப்பாணச் சாப்பாட்டுக்கடையில் மிஸ்டர் பெல்லிங்கைக் கண்டேன். ஓய்வுபெற்று, முகம் சிவந்து, நல்ல சுகமாக இருந்தார். இங்கே எது நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்டார். மட்டன் ரோல்ஸ் என்றேன், வாங்கிச் சாப்பிட்டார். அந்தச் சந்தோசத்தில் பெரியம்மாவுக்குப் போன் எடுத்து, “பெரியம்மா, எங்கடை தலைமையாசிரியரைக் கண்டனான்!” என்றேன்.

“கனவிலையோ பிள்ளை?”

“டூட்டிங்கில பெரியம்மா. மட்டன் ரோல்ஸ்...”

“ஐயோ, மட்டன் ரோல்சோ கேட்டவர்? பாவம், அந்த மனுசனுக்கு ஒருத்தரும் ஒண்டும் படைக்கேல்லைப் போல” என்றார் பெரியம்மா. “வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் சமைக்கேலாது. சனிக்கிழமை சுடச்சுடச் செய்து படைச்சுவிடு. அதுக்குப் பிறகு வரமாட்டார்.”