பேங்க்சியா தெரு மெர்வினுக்கு ஒரு நோயுமில்லை

நம் ஊர் வார இதழின் ஆசிரியர் ஷெரில் அம்மையாருக்கு,

பேங்க்சியா தெரு மெர்வின் டிரான்டர் வணக்கத்துடன் எழுதுவது. தாங்கள் நலமா? நான் நலம். அதைத் தாங்கள் நம்பியாக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதமே.

போன வாரம் என் வீட்டு யூக்கலிப்டஸ் மரத்தடியில் ஒரு பெண் கோவாலா உட்கார்ந்திருந்தது. கண் சிவந்து பீளை தள்ளியிருந்தது, பின்புறம் முழுக்க ஈரம். அது கோவாலாக்களுக்குள் பரவும் கிளமிடியா என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். கோவாலா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், வந்து தூக்கிப் போனார்கள். தெருப் பெயரையும் கண்டுபிடித்தவர் பெயரையும் சேர்த்து நோயாளிக்கு வைப்பது அவர்கள் வழக்கம், ஆணா பெண்ணா என்றெல்லாம் பார்ப்பதில்லை. அப்படி அதுவும் 'பேங்க்சியா தெரு மெர்வின்' ஆனது. அதுவரை எனக்குப் பெருமைதான். ஆனால் தாங்கள் முதல் பக்கத்தில் என்ன போட்டீர்கள்? "பேங்க்சியா தெரு மெர்வினுக்குப் பால்வினை நோய்! இனித் தாயாவது சந்தேகம்!" செய்தி முழுக்கத் தேடினேன், 'கோவாலா' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. எழுபத்தொரு வயதில் நான் தாயாவதில் யாருக்கம்மா சந்தேகம்?

புல்தரையில் பந்து உருட்டும் பவுல்ஸ் கிளப்புக்குப் போனால் என் கூட்டாளி காலின், "வாப்பா மெர்வ், நின்னுக்கிட்டே பேசு, நாற்காலி ஈரமாயிடும்" என்கிறான். ஞாயிறு பிரார்த்தனையில் போதகர் என் பெயரைச் சொல்லிக் கண்ணை மூடுகிறார். என் மனைவி கிளெனிஸ் அந்த விலங்கை நேரில் பார்த்தவள். அவளே, "உனக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா ஊரே என்னையில்ல பாவமா பாக்குது!" என்று கத்துகிறாள்.

அந்தக் கோவாலா என்ன பாவம் செய்தது? குட்டியாக இருந்தபோது தாயிடமிருந்தே தொற்றியிருக்கலாம். கருப்பை கெட்டுப்போயிருந்தால் ஊசி போட்டு நிரந்தரமாக உறங்க வைத்துவிடுவார்களாம். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாங்களோ அதை வைத்து என் மானத்தை வாங்குகிறீர்கள்! அடுத்த இதழில், அதே முதல் பக்கத்தில், அதே கொட்டை எழுத்தில் திருத்தம் வந்தாக வேண்டும்.

தங்கள் கணவருக்கும், வேலி தாண்டி வந்து என் செருப்பைக் கடிக்கும் தங்கள் நாய்க்கும் என் அன்பு.

இப்படிக்கு,
மானமுள்ள மெர்வின்

பி.கு.: உறையை ஒட்டும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஸ்கேனில் கருப்பை நன்றாக இருக்கிறதாம். குணமானதும் என் மரத்திலேயே கொண்டுவந்து விடுவார்களாம். "சங்கடமா இருந்தா பேரை மாத்திடறோம், மெர்வ்" என்றாள் போனில் பேசிய பெண். "மாத்திப் பாருங்க, நடக்கறதே வேற!" என்றேன். ஆகவே திருத்தம் வேண்டாம். "பேங்க்சியா தெரு மெர்வின் தாயாகலாம்!" என்று மட்டும் போடுங்கள். 'கோவாலா' என்ற சொல் எங்கும் வேண்டாம். காலின் படித்துவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.