ஐம்பதைத் தாண்டிய தாய்மார்கள்

1909 மார்ச் 3, புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. இங்கிலாந்தின் ஹோல்ம்பரோ நகரில் நான்காம் வட்டத் தாய்சேய் நல நிலையத்தில் ஒரு தராசும் ஒரு நர்ஸும் ஒன்பது கமிட்டிச் சீமாட்டிகளும் தயாராக இருந்தார்கள். வரவேண்டியவள் எட்னா கிரிம்ஷா, வயது இருபது. அவள் வரவில்லை.

வர முடியாது. எங்கள் தெருக்களில் பிள்ளை பெற்றவள் தேவாலயத்தில் நன்றி ஜெபம் முடிக்காமல் வாசல் தாண்டினால், அவள் கால் பட்ட வீடு விளங்காது. பாதிரியாரோ அந்த ஜெபத்தை மாதக் கடைசி ஞாயிறுக்கு ஒதுக்கியிருந்தார். எட்னாவுக்குப் பால் சுரக்கவில்லை. பிள்ளை நாளுக்கு நாள் வற்றியது. நிலையத்தில் இலவசப் பால் உண்டு, தாய் நேரில் வந்தால்.

"யார் என்ன சொன்னாலும் சரி, நானே தூக்கிட்டுப் போறேன் மிசஸ் டக்வொர்த்."

"சும்மா கெட கண்ணு. அப்புறம் ஒருத்தியும் உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. நானும்தான்," என்றாள் பக்கத்து வீட்டு விதவை மார்த்தா டக்வொர்த். பிள்ளையைச் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டு அவளே கிளம்பினாள்.

"தாய் எங்கே?" என்றாள் நர்ஸ்.

"வரல."

"தாய்க்கு மட்டுந்தான் பால். விதி."

"சரி, நாந்தான் தாய்."

"வயசு?"

"அம்பத்தெட்டு."

விதியில் வயது வரம்பு இல்லை. நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

"முதல் பிரசவமா?"

"பத்தாவது. பழகிப்போச்சு."

பிள்ளை தேறியது. சேதி பரவி, தெருவின் விதவைகள் எல்லாரும் புதன்கிழமைகளில் தாயானார்கள். ஆளை மாற்றினால் பால் நின்றுவிடும் என்று, ஜெபம் முடிந்த பிறகும் அவர்களே போனார்கள். அறுபத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி இரட்டைப் பிள்ளைகளோடு வந்தாள்.

ஆண்டறிக்கையில் உண்மை பளிச்சிட்டது. ஜெபம் முடியக் காத்திருந்து தாங்களே வந்த இளம் தாய்மார் பலருடைய பிள்ளைகள் தங்கவில்லை. ஐம்பதைத் தாண்டிய தாய்மாரிடம் ஒரு குறையும் இல்லை.

"இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம்," என்றார் கமிட்டித் தலைவி.

"அந்த வயசுல பிள்ளை பிறக்காதே, மேடம்," என்றார் நிலையத்து டாக்டர்.

"பிறந்திருக்கே. அறிக்கைக்குக் கீழே கையெழுத்து உங்களுதுதானே?"

டாக்டர் தமது கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

அடுத்த பிரசவம் நெருங்கியபோது எட்னா சொன்னாள்: "இந்தத் தடவை ஜெபம் முடிஞ்சதும் நானே போய்ப் பால் வாங்கிக்கறேன்."

"நீயா? உனக்குப் பிள்ளை வளக்கத் தெரியுமா?" என்றாள் மார்த்தா.

1911 பிப்ரவரி 15 அன்று, நாற்பது வயதுக்கு உட்பட்ட தாய்மாருக்குப் பால் நிறுத்தும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் தலைவி. வழிமொழிந்தவர், தாய்மார் பிரதிநிதியாகப் புதிதாகச் சேர்க்கப்பட்ட திருமதி மார்த்தா டக்வொர்த்.

அதே மாதம் 27ஆம் தேதி எட்னாவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பால் சுரக்கவில்லை.