செங்கோட்டையன் கம்பெனியின் அருகம்புல் ஜூஸ்

தொட்டியில் தண்ணீர் பச்சையாக இருந்தது. பாசி பிடித்த பச்சை இல்லை, நாற்றங்கால் மாதிரி கண்ணைப் பறிக்கிற பச்சை.

செங்கோட்டையன் குழாயை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தார். அதுவும் பச்சைதான். அவருடைய பனியன் கம்பெனியில் அத்தனை டைலர்களும் குடிக்கிற தண்ணீர் அது. இன்றைக்கென்று பார்த்து, பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட்டுக்கு ஆள் வருகிறது. கக்கூஸிலிருந்து குடிதண்ணீர் வரைக்கும் நோண்டிப் பார்ப்பார்கள். தேறினால் அடுத்த வருஷமும் ஆர்டர் உண்டு. தேறாவிட்டால் தையல் மெஷினுக்கெல்லாம் துணி போர்த்திவிட்டு, பொங்கலூர்த் தோட்டத்துக்குப் போய் மாடு மேய்க்க வேண்டியதுதான்.

யாரும் இதில் வாய் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டு, டைலர்களைப் பேக்கரிக்கு டீ குடிக்க அனுப்பினார்.

திருப்பூரில் தண்ணீர் நிறம் மாறினால் பால்குடி மறக்காத பிள்ளைகூடக் காரணம் சொல்லும்: எவனோ கள்ளத்தனமாகத் துணிக்குச் சாயம் போட்டுக் கழிவைத் திறந்துவிடுகிறான். எவன் என்பதுதான் கேள்வி. செங்கோட்டையனுக்கு அதுவும் கேள்வியில்லை. சந்தேகப்படுவதில் அவர் கைதேர்ந்தவர். பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர் என்பார், சிரிக்காவிட்டால் தண்ணீரில்தான் பால் என்பார். பின்வீதியில் ஷெட் எடுத்திருக்கிற ஜெயபாண்டி மேல், அவன் வந்த நாளிலிருந்தே அவருக்கு ஒரு கண். மதுரைப் பக்கத்து ஆள். கட்பீஸ் வியாபாரம் என்கிறான், ஆனால் ஷெட் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறான். வியாபாரம் பண்ணுகிறவனுக்குக் கதவைச் சாத்த என்ன வேலை?

மனைவி பழனியம்மாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, மாநகராட்சிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டாத்தான் என்னங்க?"

கேட்கலாம். கேட்டால் ஆள் வரும். வருகிற ஆள், மாநகராட்சிக் குழாயில் செங்கோட்டையன் நேரடியாக மாட்டியிருக்கிற மோட்டாரையும் பார்க்கும். வீதியில் மற்றவர்களுக்கு ஒரு குடம் நிறைவதற்குள் இவருக்குத் தொட்டியே நிறைவது அந்த மோட்டாரின் புண்ணியம்.

"நீ சும்மா இரு அம்மிணி" என்று அவள் வாயை அடைத்தார்.

பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசு பிடித்தால் சரியாகிவிடும் என்று தொட்டியைக் காலி பண்ணி மோட்டாரைப் போட்டார். வந்தது முன்னைவிடப் பச்சை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் தெளியும் என்று ஓடவிட்டார். இழுக்க இழுக்கப் பச்சை ஏறியதே தவிர இறங்கவில்லை. மாடித் தொட்டியும் பச்சையாயிற்று. ஒரு மாதிரி வாடையும் சேர்ந்துகொண்டது. சாய வாடைதான், வேறென்ன?

நேரே ஜெயபாண்டியின் ஷெட்டுக்குப் போனார். அவனோ ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரோடு இவரைத் தேடித்தான் கிளம்பிக்கொண்டிருந்தான்.

"ஏண்ணே, நீங்க செய்றது நல்லா இருக்கா? சாயத்தப் போட்டுக் குழாயில விட்டா நாங்க என்னத்தக் குடிக்கிறது?"

திருடனே திருடன் திருடன் என்று கத்துகிற கதையாக இருந்தது. செங்கோட்டையன் அவனை ஒதுக்கிவிட்டு உள்ளே நுழைந்து துழாவினார். கட்பீஸ் மூட்டைகளைத் தவிர ஒன்றும் இல்லை. அதனாலேயே சந்தேகம் வலுத்தது. தப்புப் பண்ணாதவன் ஷெட்டை எதற்கு இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறான்?

ஜெயபாண்டி பேச்சை வளர்க்கவில்லை. மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குச் சொல்கிறேன் என்று போனை எடுத்தான். அவர்கள் வந்தால் முதலில் கரண்டைப் பிடுங்குவார்கள், அப்புறம்தான் விசாரிப்பார்கள். ஆடிட் அம்போ.

"சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்க சாமி" என்று அவன் கையைப் பிடித்தார்.

"அப்ப நீங்கதேன்" என்றான் ஜெயபாண்டி.

இல்லையென்று சொல்லவும் முடியாமல், ஆமென்று சொல்லவும் முடியாமல் திரும்பி வந்தால், ஆடிட் பெண் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். பெயர் கவிப்பிரியா. கோயமுத்தூர்ப் பெண், மூக்குக் கண்ணாடி, ஓயாத கேள்விகள். கடைசியில் குடிதண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்தாள்.

"இது என்ன சார் பச்சையா இருக்கு?"

"அருகம்புல் ஜூஸுங்க" என்றது செங்கோட்டையனின் வாய். மூளைக்கு அப்புறம்தான் தகவல் போயிற்று.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. டைலர்களுக்கா என்று கேட்டாள். தினமும் காலையில் ஆளுக்கொரு டம்ளர், உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று அளந்துவிட்டார். சரி, நானும் ஒரு வாய் பார்க்கிறேன் என்று அவள் டம்ளரை முக்கினாள். சாயத்தைக் குடித்து ஆடிட்டரே சுருண்டு விழுந்தால் என்ன ஆவது? செங்கோட்டையன் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

"வெறும் வயித்துலதான் குடிக்கோணுமுங்க. நீங்க டிபன் சாப்பிட்டிருப்பீங்க."

"சாப்பிட்டேன் சார். நீங்க?"

"நான் இன்னும் இல்லீங்க" என்று உளறித் தொலைத்தார்.

"அப்ப நீங்க குடிங்க, போட்டோ எடுத்துக்கறேன்."

சட்டைக்குப் போடுகிற சாயம்தானே, மிஞ்சினால் குடல் நாலு நாள் பச்சையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். கண்ணில் நீர் வந்தது. அவள் அதைப் பார்த்து, படம் ஆடிவிட்டது, இன்னொரு டம்ளர் ப்ளீஸ் என்றாள். அதையும் குடித்தார். மூன்றாவதற்குச் சிரிக்கச் சொன்னாள்.

தொழிலாளர் நலனில் இப்படி அக்கறையுள்ள ஒரு முதலாளியை இதுவரை பார்த்ததேயில்லை, ஆடிட் தேறியாயிற்று என்று அவள் கை குவித்தபோது செங்கோட்டையனுக்கு உயிர் வந்தது. அவள் அதோடு விடவில்லை. அம்மாவுக்குச் சுகராம், ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டாள். காரில் ஏறுவதற்குள் கைதவறினாற்போல அதைத் தட்டிவிட வேண்டும் என்று எண்ணியபடியே வாசல் வரைக்கும் கூடவே போனார்.

வாசலில் ஆரஞ்சுக் கோட்டும் தலைக்கவசமுமாக ஒருவன் நின்றிருந்தான். பெயர் இளங்குமரனாம். ஏரியாவில் பழைய குழாய்களும் சாக்கடைகளும் எந்த நிலைமையில் இருக்கின்றன என்று மாநகராட்சிக்காகச் சோதித்துக்கொண்டு வருகிறானாம். செங்கோட்டையன் நகர்ந்துபோய் மோட்டாரை மறைத்துக்கொண்டு நின்றார்.

அவன் மோட்டாரைப் பார்க்கவேயில்லை. கவிப்பிரியாவின் கையிலிருந்த பாட்டிலைத்தான் பார்த்தான். தேடித் தேடி அலுத்த முகத்தில் சிரிப்பு வந்தது.

"நல்லவேளைங்க, இங்கதான் வந்து சேந்திருக்குது. எங்க ஒழுகுதுன்னு பாக்கக் காலைல மேல்வீதிப் பாதாளச் சாக்கடையில பச்சைப் பொடியக் கரைச்சு விட்டோமுங்க, கீழ்வீதிக்கு வரவே இல்லீன்னு அப்பப் புடிச்சுத் தேடிட்டிருக்கறேன்."