இனிமேல் இறக்கம்தான்

உலகத்தில் பொய் சொல்கிறவர்கள் பல ரகம். துண்டைக் கட்டிக்கொண்டு குளியலறை வாசலில் நின்றபடியே "வந்துட்டே இருக்கேன்" என்று போனில் சொல்கிறவர் ஒரு ரகம். ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு "வலிக்கவே வலிக்காது" என்று சிரிக்கிறவர் இன்னொரு ரகம். இவர்களெல்லாம் தாங்கள் சொல்வது பொய் என்று தெரிந்தே சொல்கிற நல்ல மனிதர்கள். நான் உங்களுக்குக் காட்டப்போகிறவர் அப்படியல்ல. தான் சொல்வதை மனதார நம்புகிறவர். அதனாலேயே ஆபத்தானவர். மலைகளுக்கு நடுவே சைக்கிளில் ஊர் சுற்ற மற்றவர்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும் ஆசாமிதான் அவர்.

அவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்கிறீர்களா? சாப்பாட்டு மேஜைக்கு வந்து பாருங்கள். உப்பு ஜாடி ஒரு சிகரம், தண்ணீர்க் குவளை இன்னொரு சிகரம், இரண்டுக்கும் நடுவே கரண்டியால் ஒரு கோடு இழுத்து, "இப்படிப் போய், இப்படித் திரும்பி, இப்படி இறங்கினா, முடிஞ்சுது" என்பார். குழம்பு ஆறிப்போயிருக்கும். சைக்கிளில் ஏற்றும் மூட்டையின் எடை குறைய வேண்டும் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்திருப்பார். அவருடைய தொப்பையைப் பற்றி மட்டும் அங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது.

அவருடைய பாஷையையும் நீங்கள் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. "சமதளம்" என்றால் ஏற்றம். "லேசான ஏத்தம்" என்றால் இறங்கித் தள்ள வேண்டும். "கொஞ்சம் ஏத்தம்" என்று சொல்லிவிட்டாரானால், வீட்டில் இருப்பவர்களிடம் போனில் நாலு வார்த்தை அன்பாகப் பேசிவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் அவர் இறங்கித் தள்ளுவதை மட்டும் நீங்கள் பார்க்கவே முடியாது. மூச்சு முட்டினால் "ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்று நின்றுவிடுவார். அவருடைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள்: ஒரு மதில் சுவர், ஒரு புதர், ஒரு மின்கம்பம், மறுபடியும் ஒரு புதர். மனிதருக்கு எங்கெங்கே மூச்சு வாங்கியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவரிடம் ஒரு மந்திரம் இருக்கிறது. உங்கள் நாக்கு வெளியே தள்ளி, கால் இரண்டும் பின்னிக்கொள்ளும் நேரம் பார்த்து அதை உச்சரிப்பார்.

"இனிமே இறக்கம்தான்."

இதை நான் ஏதோ காற்றுவாக்கில் கேட்டு எழுதவில்லை. என் அக்காவையே இந்த ரகத்தில் ஒருவருக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அத்தான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவர். அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். நோயாளிகளை உட்காரவைத்து, "ஒண்ணுமே தெரியாது, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்வது அவளுடைய பொறுப்பு. அதனால் ஒருவர் இன்னொருவர் காதில் பூச்சுற்றும்போது குரல் எப்படி இருக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. ஏழெட்டுப் பயணம் அத்தானோடு போய்ப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவை வர்றேன். நடுவுல 'இனிமே இறக்கம்தான்'னு சொல்லி, அங்க ஏத்தம் இருந்துச்சுன்னு வைங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் உங்ககூட சைக்கிள்ல வரமாட்டேன்."

அத்தான் சட்டென்று தைலத்தை வாங்கித் தானே தேய்த்துவிட ஆரம்பித்தார். சிரிக்காதீர்கள், அவருக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம். கூட வந்த நண்பர்கள் எல்லோரும் ஆளுக்கொரு முறை வந்து, ஆளுக்கொரு முழங்கால் வலியைப் பெற்றுக்கொண்டு, கம்பி நீட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே துணை அக்காதான். அவளோடு போவதுதான் அவருக்கு உண்மையிலேயே பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்காக மெத்தென்ற சீட் வாங்கி மாட்டினார். "ஏத்தமே இல்லாத வழி ஒண்ணு கண்டுபிடிக்கறேன் பாரு" என்று சபதம் செய்து, கடையைப் பூட்டிவிட்டு, முன்கூட்டியே தனியாகப் போய்ச் சோதித்தும் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் போனை நீட்டினார். போன வழி எங்கே எவ்வளவு உயரம் என்று அது தானாகவே ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. இடப்பக்கம் உச்சியில் ஆரம்பித்து, வலப்பக்கம் வரைக்கும் சறுக்கு மரம் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது அந்தக் கோடு.

"பாத்தியா? ஆத்தங்கரையோரமா முழுக்க ரோடு. மூச்சே வாங்கல. சும்மா பறந்தேன்."

அக்கா சம்மதித்தாள். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டாள்.

பள்ளத்தாக்கின் வாயில் இருக்கும் ஊரிலிருந்து காலையில் கிளம்பினோம். மறுகோடியில் உள்ள ஊரில், ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற விடுதியில் அறை சொல்லிவைத்திருந்தார் அத்தான். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பழத்தோட்டம், நடுவே மழமழவென்று ரோடு. அழகுக்குக் குறைச்சலே இல்லை. மிதிக்கத்தான் முடியவில்லை.

"ஏங்க, இறக்கம்னீங்களே?"

"இறக்கம்தாம்மா. பாக்கறதுக்கு ஏத்தம் மாதிரி தெரியும். கண்ணு ஏமாத்தும்."

கண்ணாடிக் கடைக்காரரே சொன்னால் நம்பத்தானே வேண்டும்? கொஞ்ச தூரம் நம்பினோம்.

"கண்ணு ஏமாத்தும், சரி. முழங்காலுமா ஏமாத்தும்?"

"எதிர்க்காத்து. அதான் அப்படி இருக்கு."

ரோட்டோரத்துப் புல் ஒன்றுகூட அசையவில்லை. அத்தான் ஒரு புதரைப் போட்டோ எடுத்தார். அடுத்த வளைவில் ஒரு மின்கம்பத்தைப் போட்டோ எடுத்தார். அப்புறம் வந்த பாலத்தில் அக்கா சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி, கீழே பார்த்துக்கொண்டே நின்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் தண்ணீரை ரசிக்கிறாள் என்று நினைத்தோம்.

"ஏங்க, இந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

"எந்தப் பக்கம் ஓடினா நமக்கென்ன? அது பாட்டுக்கு ஓடுது."

"நம்மளப் பாத்து வருது."

அத்தானும் எட்டிப் பார்த்தார்.

"தண்ணி மேல ஏறாதில்ல?" என்றாள் அக்கா, பல் வலியோடு வந்த குழந்தையிடம் கேட்கிற அதே பரிவோடு.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். "இதுல இறக்கம்னுதான் காட்டுது."

"அப்ப ஆத்துக்கிட்ட காட்டுங்க."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சோதித்துப் பார்க்கப் போன அன்றைக்கு, சைக்கிளைப் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு முதலில் மேல் ஊருக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து ஆற்றோடு சேர்ந்து கீழே வந்திருக்கிறார். அதே வழியில் இன்றைக்குக் கீழேயிருந்து எங்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார். வழி ஒன்றுதான். கோடும் ஒன்றுதான். சறுக்கு மரத்தின் தப்பான முனையில் பெண்டாட்டியை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். மனிதருடைய முகத்தில் அசடு அப்படி வழிந்ததை நான் பார்த்ததே இல்லை.

"தெரியாம நடந்துடுச்சு, திரும்பிடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அக்கா அங்கேயே சிரித்துவிட்டிருப்பாள். உதட்டோரத்தில் சிரிப்பு தயாராகத்தான் இருந்தது. ஆனால் இந்த ரகத்து ஆட்கள் திரும்புவார்களா? திரும்பினால் போட்ட பாதை பாதியில் அறுந்துவிடுமே!

"பாதிக்கு மேல வந்தாச்சு," என்றார் அத்தான். "இன்னும் ஒரே ஒரு வளைவு. அது தாண்டிட்டா, இனிமே இறக்..."

வாயைப் பொத்திக்கொண்டார். நேரம் கடந்துவிட்டிருந்தது.

அக்கா ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டாள். சைக்கிளை வந்த வழியே திருப்பினாள். காலைத் தூக்கி வைப்பதற்கு முன்னால் ஒருமுறை அவரைப் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதாங்க. இனிமே இறக்கம்தான்."

போய்விட்டாள். மிதிக்கவே இல்லை. ஆறும் அவளும் ஒரே பக்கமாகப் போனார்கள். முதல் வளைவில் மறையும்போது அவள் மணியடித்தது கேட்டது. அங்கே ரோட்டில் ஒரு ஈ காக்கை கிடையாது, சந்தோஷத்துக்கு அடித்திருக்கிறாள். அத்தான் கீழே போகிற ரோட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "மச்சான், நீ அவளைப் பாத்துக்க. நான் இதை முடிச்சுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மேலே மிதித்தார்.

சாயங்காலம் விடுதியிலிருந்து போன் வந்தது. "வந்து சேந்துட்டேன். ஜன்னல்லேர்ந்து பாத்தா மொத்தப் பள்ளத்தாக்கும் தெரியுது. நீ பாக்கணும்னுதான் இந்த ரூமைப் பிடிச்சேன்" என்றார். இரண்டு பேருக்கான கட்டிலில் இரண்டு துண்டு மடித்து வைத்திருந்ததாம்.

"கீழ கடைசியில ஒரு ஊர் தெரியுதா? அங்கதான் இருக்கேன். கையாட்டறேன், பாத்துக்கங்க" என்றாள் அக்கா.

அவள் சைக்கிளை விற்கவில்லை. விடுமுறை நாட்களில், மருத்துவமனையில் கூட வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பஸ்ஸில் மேல் ஊருக்குப் போய், ஆற்றோடு இறங்கி வருகிறாள். சொன்ன சொல்லை மட்டும் காப்பாற்றுகிறாள்; அத்தானோடு போவதில்லை. அவர் காலையில் எழுந்து அவளுடைய டயருக்குக் காற்றடித்துக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறார். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. போன வாரம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மச்சான், புதுசா ஒரு வழி போட்டிருக்கேன், பூரா சமதளம்" என்றார். பாவம் பார்ப்பதை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

என்னிடம் சைக்கிளே கிடையாது, நமக்கென்ன என்று நீங்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ள வேண்டாம். இந்த வியாதிக்குச் சைக்கிளும் தேவையில்லை, மலையும் தேவையில்லை. "இந்த ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ, அப்புறம் எல்லாம் சரியாயிடும்" என்று வருஷக்கணக்காக வீட்டில் சொல்லிவருவது யார்? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் உங்களை யாரோ வெளியே கூப்பிட்டார்கள் அல்லவா? "இதோ, முடிஞ்சுது, இன்னும் ரெண்டே வரிதான்" என்று இந்தப் பக்கத்தின் ஆரம்பத்தில் இருந்துகொண்டே நீங்கள் குரல் கொடுத்தது என் காதில் விழுந்தது. தலையைத் தூக்கிப் பாருங்கள். அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு, உங்களை விட்டுவிட்டுக் கிளம்பியாகிவிட்டது.