மறந்துவிட்டுப் போன ஆக்டோபஸ்

படகு அலைதடுப்பைத் தாண்டிய பிறகும் யாசுகே கையை இறக்கவில்லை. தோள்பட்டை வலித்தது. இறக்க முடியாது.

நாகி தீவில் விருந்தாளியை வழியனுப்புவதென்றால், படகு முனைப்பாறையைச் சுற்றி மறையும்வரை கையாட்ட வேண்டும். படகில் இருப்பவரும் அதுவரை உள்ளே போய் உட்காரக் கூடாது. பின்தளத்தில் நின்று பதிலுக்கு ஆட்ட வேண்டும். யார் கை முதலில் இறங்குகிறதோ அவர் நெஞ்சில் ஈரமில்லாதவர். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

பின்தளத்தில் குசுமி நின்று ஆட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தொப்பி, கையில் பை, முகம் இந்தத் தூரத்துக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிடம் யாசுகே ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. காலையிலேயே சொல்லியிருக்கலாம். காலையில் அவன் சோறு போட்டான்.

"மார்ச்சுல என்னை சப்போரோவுக்கு மாத்தறாங்க" என்று சாப்பிடும்போது குசுமி சொன்னாள். "அங்கேருந்து இங்க வர்றதுன்னா விமானம், ரயில், பஸ், அப்புறம் படகு. இனிமே கஷ்டம்தான்னு நினைக்கிறேன்."

அக்கா நடத்தும் விடுதியில் யாசுகே சமையல்காரன். வயது முப்பத்தெட்டு. நான்கு வருடமாக ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் குசுமி வந்து தங்குகிறாள். நான்கு வருடமாக அவன் ஒரு வாக்கியத்தை வாய்க்குள் ஊற வைத்திருக்கிறான். சோற்றுக் கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தான்.

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?"

"வைங்க."

இதே உரையாடல் நான்கு கிண்ணம் நடந்தது. ஒல்லியான பெண். நான்காவது கிண்ணத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்போதும் "வைங்க" என்றாள். நகரத்துப் பெண்களுக்கு ஆக்டோபஸ் சோறு இவ்வளவு பிடிக்கும் என்று யாசுகேவுக்கு அதுவரை தெரியாது.

"லூசு" என்று அக்கா மசுயோ அடுப்படியில் வைத்துச் சொன்னாள். "இந்தத் தீவைச் சைக்கிள்ல சுத்த ஒரு மணி நேரம். வெந்நீர்த் தொட்டில காலை நனைச்சு, சங்கு சுட்டுத் தின்னு, எலுமிச்சை ஐஸ் சாப்பிட்டா முடிஞ்சுது. அவ நாலு வருஷமா வர்றா. எதுக்குடா வர்றா?"

"ஆக்டோபஸுக்கு. நம்ம ஊர் ஆக்டோபஸ் நல்லா இருக்கும்க்கா."

 மசுயோ பாத்திரம் கழுவும் சத்தம் அதிகமானது.

ஆகவே இப்போது துறைமுகத்தில் கையாட்டல். ஆட்டிக்கொண்டே பார்த்தான்: பின்தளம் காலி. குசுமியைக் காணோம்!

 முனைப்பாறை இன்னும் வரவே இல்லை. அதற்குள் உள்ளே போய்விட்டாளா? நம்மைத் தெரியவில்லையோ? இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினான். போதவில்லை. சமையல் ஏப்ரனை அவிழ்த்து, தலைக்கு மேலே சுழற்றினான். பார்த்தவர்கள் விடுதி தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள்.

படகு திரும்பியது.

வழியனுப்பத்தான் ஆட்டினான், அதை யாரோ ஆபத்துச் சமிக்ஞை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். படகு துறையை நெருங்க நெருங்க, தொமிதா கேப்டனின் முகம் ஜன்னலில் பெரிதாகிக்கொண்டே வந்தது. பல வருடமாக ஒரு நிமிடம் பிசகாமல் படகு ஓட்டுகிற மனிதர். சொந்த மகளின் கல்யாணத்திலேயே சாப்பாட்டுப் பந்தியின் நடுவில் எழுந்து படகெடுக்கப் போனவர்.

"சீக்கிரம், சீக்கிரம்!" என்று கேப்டன் கத்தினார். "மறந்ததை எடுத்துக் குடுத்துத் தொலை!"

மறந்ததா? யாரும் எதையும் மறக்கவில்லை. 'சும்மாதான் ஆட்டினேன்' என்று சொல்லலாம். சொன்னால் இந்தத் தீவில் வாழ முடியாது. யாசுகே சுற்றுமுற்றும் பார்த்தான். கைக்கெட்டும் தூரத்தில், துறைமுகத்துக் கடை வாசலில், எட்டுக் கையையும் மூங்கில் குச்சியில் விரித்துக் காயப்போட்ட ஓர் ஆக்டோபஸ் பட்டம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பறித்தான்.

"குசுமி சான்" என்று மரியாதையாகக் கூப்பிட்டான். "இதை... மறந்துட்டீங்க."

குசுமி படகின் விளிம்பில் நின்று அந்த ஆக்டோபஸைப் பார்த்தாள். ஆக்டோபஸும் அவளைப் பார்த்தது. அவள் காதுவரை சிவந்தாள்.

"ஆமா" என்றாள். "இதேதான். எப்படி மறந்தேன்னே தெரியல."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, குனிந்து வணங்கினாள். யாசுகே பதிலுக்குக் குனிந்தான். அவள் மறுபடி குனிந்தாள். கேப்டன் ஹாரன் அடித்ததால் அது அதோடு நின்றது.

எப்பேர்ப்பட்ட பெண், என்று யாசுகே உருகினான். எனக்கு அவமானம் வரக்கூடாதென்று, தன் வாழ்நாளில் பார்த்திராத ஓர் ஆக்டோபஸைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறாளே!

படகு கிளம்பியது. அவன் கை மேலே போனது. அப்போதுதான் பின்னாலிருந்து மசுயோவின் குரல் கேட்டது.

"டேய், இங்க தொங்கின ஆக்டோபஸ் எங்க?"

"குசுமி சானுக்குக் குடுத்தேன்."

"அது காட்சிக்கு மாட்டினதுடா! போன வருஷத்தோடது. போட்டோ எடுக்கிறவங்களுக்காக வெச்சிருக்கு. கடல்காகம் கூட அதை மோந்து பாத்துட்டுப் போயிடும். அதைத் தின்னா அவ சப்போரோ போக மாட்டா, நேரா ஆஸ்பத்திரிதான்."

யாசுகேவுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. குசுமி ரயிலில் அமர்கிறாள். அன்பாக ஒரு கையைப் பிய்த்து மெல்கிறாள். மிச்ச வாழ்க்கை முழுவதும் அவன் நினைவு வரும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள்.

"தின்னாதீங்க!" என்று கத்தினான். எஞ்சின் சத்தத்தில் கேட்காது. தலைக்கு மேலே இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி காட்டினான். குதித்துக் குதித்துக் காட்டினான்.

படகு திரும்பியது.

இந்த முறை படகில் இருந்த வயதான தம்பதியும் இறங்கிவிட்டார்கள். கிழவர் செருப்பைக் கழற்றி துறையோர வெந்நீர்த் தொட்டியில் காலை விட்டு உட்கார்ந்தார். கிழவி ஒரு தட்டு சுட்ட சங்கு வாங்கிக்கொண்டாள்.

"நீங்க அவசரப்படாதீங்க தம்பி" என்றாள் யாசுகேவிடம், சங்கை ஊதிக்கொண்டே. "எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல."

"எனக்கு இருக்கு!" என்று கேப்டன் உள்ளிருந்து கத்தினார்.

மசுயோ ஓடிப்போய், மதியத்துக்கு வைத்திருந்த ஆக்டோபஸ் சோற்றைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்து தம்பியின் கையில் திணித்தாள். உங்களுக்குக் கெட்டுப்போனதைக் கொடுத்துவிட்டோம் என்று சொல்வது விடுதிக்கே இழுக்கு. அதைச் சொல்லாமல் வாங்க வேண்டும்.

"குசுமி சான், அதைக் குடுங்க. இதை எடுத்துக்கோங்க."

"ஏன்?"

"அது... பெருசா இருக்கு. ரயில்ல இடிக்கும்."

"பரவாயில்ல. மடியில வெச்சுக்கிறேன்."

யாசுகே ஆக்டோபஸின் மூன்று கைகளைப் பிடித்து மெதுவாக இழுத்தான். குசுமி மிச்ச ஐந்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இருவரும் சிரித்தபடியே, மன்னிப்புக் கேட்டபடியே இழுத்தார்கள். மூங்கில் குச்சி படக்கென்று ஒடிந்தது.

"இதுவும் இருக்கட்டும், அதுவும் இருக்கட்டும்" என்று சோற்றுப் பெட்டியையும் வாங்கிக்கொண்டாள் குசுமி. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ, பதிலுக்கு நான் ஒண்ணுமே தரலயே." பையைக் கிளறினாள். தன் நீலக் குடையை எடுத்து நீட்டினாள். "இதை வெச்சுக்கோங்க."

"வேண்டாம், மழை வந்தா நனைஞ்சுடுவீங்க."

"மழை வராது."

"வராதுன்னா எனக்கு எதுக்கு?"

நியாயமான கேள்விதான். பதில் வருவதற்குள் ஹாரன் மூன்று முறை அடித்தது. கிழவர் காலைத் துடைத்துக்கொள்ள மனமில்லாமல் துடைத்துக்கொண்டு ஏறினார்.

குடையோடு நின்ற யாசுகேவை மசுயோ மேலும் கீழும் பார்த்தாள்.

"நாறின ஆக்டோபஸுக்கு நல்ல குடை. இதை வாங்கிட்டுச் சும்மா நிப்பியா நீ? இதுக்கு மேல ஒண்ணு திருப்பிக் குடுக்க வேண்டாமா?"

"என்ன குடுக்கிறது?"

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை குடு! நாலு வருஷமா வெச்சிருக்கியே, அது என்ன ஊறுகாயா?"

அக்கா சொன்னது சுருக்கென்று தைத்தது. படகு இப்போதுதான் அலைதடுப்பைத் தாண்டுகிறது. போனால் போய்விடும். சப்போரோ. பனி. யாசுகே குடையைப் படாரென்று விரித்தான். வெயில் கொளுத்தும் துறைமுகத்தின் விளிம்பில் நின்று, நீலக் குடையை மேலும் கீழுமாக, பறக்கத் தெரியாத ஏதோவொரு பறவைபோல ஆட்டினான்.

படகு திரும்பியது.

இதற்குள் துறைமுகத்தில் சின்னக் கூட்டம். ஐஸ் கடைக்காரர் கடையை விட்டு வந்து நின்றார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வலையை வைத்துவிட்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. தீவில் மரியாதை தெரிந்தவர்கள் அதிகம். எல்லோரும் வானிலையைப் பார்ப்பதுபோல நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

குசுமி இறங்கி வந்து எதிரே நின்றாள். ஒரு கையில் சோற்றுப் பெட்டி. இடுப்பில் ஆக்டோபஸ். எதற்குத் திரும்பினோம் என்று அவள் கேட்கவில்லை.  

"இப்பவாவது சொல்லுடா" என்று மசுயோ பல்லைக் கடித்தாள்.

யாசுகே குடையை மடக்கினான். மறுபடி விரித்தான். மூச்சை இழுத்தான்.

"குசுமி சான்."

"சொல்லுங்க."

"சப்போரோல... ரொம்பக் குளிருமா?"

"ரொம்ப."

"ஸ்வெட்டர் போட்டுக்கோங்க."

குசுமி ஆக்டோபஸை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். பிறகு, "சரி, போட்டுக்கிறேன்" என்றாள்.

கூட்டத்தில் யாரோ 'ஹ்ம்' என்றார்கள். கிழவியின் வாய்க்குள் போகவிருந்த சங்கு அப்படியே நின்றது. மசுயோ திரும்பி விடுதியை நோக்கி நடந்தாள்.

கேப்டன் வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி மாட்டினார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. இனிமே எதை மறந்தாலும் படகு திரும்பாது. உயிரையே மறந்துட்டுப் போனாலும் சரி, தபால்ல வரட்டும்."

படகு நான்காம் முறையாகக் கிளம்பியது.

யாசுகேவின் கை வழக்கப்படி மேலே எழுந்தது. பாதியில் அவனே அதைப் பிடித்து இறக்கினான். ஆட்டினால் திரும்பிவிடும். திரும்பினால் கேப்டனுக்கு மாரடைப்பு வந்துவிடும். இரண்டு கைகளையும் அக்குளில் செருகி இறுக்கிக்கொண்டான்.

பின்தளத்தில் குசுமி தனியாக ஆட்டினாள். முதலில் பெரிதாக. பிறகு சின்னதாக. பிறகு அந்தக் கை தோளுக்குப் பக்கத்தில் தயங்கி நின்றது. கரையில் நிற்பவன் கல்லாக நிற்கிறான். தீவின் வரலாற்றிலேயே விருந்தாளிக்குக் கையாட்டாமல் நின்ற ஒரே மனிதன். நெஞ்சில் ஈரமில்லாதவன். அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போவாள். சப்போரோவில் ஸ்வெட்டரைப் போடும்போதெல்லாம் அப்படித்தான் நினைப்பாள்.

முனைப்பாறை வந்தது. படகு மறைந்தது. அதன் பிறகு யாசுகே ஆட்டினான். ஆட்டி ஒரு பயனுமில்லை, ஆனாலும் வெகுநேரம் ஆட்டினான்.

சாயங்காலம் படகு திரும்பி வந்தபோது அவன் புதிய சட்டை போட்டுக்கொண்டு, துணியில் கட்டிய அரிசிப் பிஸ்கட் டப்பாவோடு துறைமுகத்தில் நின்றான். மன்னிப்புக் கேட்பதற்கு அதுதான் முறை. அக்கரைக்குப் போகும் கடைசிப் படகுக்காக யாரும் நிற்கவில்லை. கேப்டன் கயிற்றைத் தூணில் மாட்டினார்.

யாசுகே இடுப்புவரை குனிந்தான்.

"கேப்டன், என்னை மன்னிச்சிடுங்க. இன்னிக்கு உங்க நேரமே பாழாப்போச்சு."

"ஏன், நீ என்ன பண்ணினே?"

"நான்தானே கையாட்டி ஆட்டி மூணு தடவை உங்களைத் திருப்பினேன். ஏப்ரன், அப்புறம் பெருக்கல் குறி, அப்புறம் குடை..."

கேப்டன் டப்பாவை வாங்கித் திறந்து ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். அவனைப் பார்த்தார். இன்னொரு பிஸ்கட்டைக் கடித்தார்.

"நான் முன்னாடி பார்த்துப் படகு ஓட்டறவன்டா, பின்னாடி நீ ஆட்டினது எனக்கு எங்க தெரியும்? மூணு தடவையும் உள்ள ஓடி வந்து 'ஐயோ, ஏதோ ஒண்ணை மறந்துட்டேன், திருப்புங்க'ன்னு நச்சரிச்சது அந்தப் பொண்ணு. இப்பவும் ரயிலை விட்டுட்டு அக்கரை பெஞ்சுல ஆக்டோபஸும் கையுமா உக்காந்து, இன்னும் எதை மறந்தோம்னு யோசிச்சிட்டு இருக்கு, ஏறு!"