பனிக்கு வேலை கொடுத்த யாரது அண்ணன்

உலகத்தில் யாரையுமே நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரோடு நான் நான்கு வருடம் வேலை பார்த்தேன். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் யாரது அண்ணன். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து "யாரது?" என்பார். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. கதவைத் திறந்து, நம் மூக்குக்கு நேரே நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் "யாரது?" என்பார். அதுதான் விசேஷம்.

வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு பழைய துரை பங்களா. கொழும்பிலிருந்த ஒரு தனியார் கம்பனி அதை வாடகைக்கு எடுத்து, ஆராய்ச்சிக்கென்று எங்களை உட்கார வைத்திருந்தது. வங்கிகளும் ஆஸ்பத்திரிகளும் தங்கள் தகவல்களைப் பூட்டிவைக்க மின்னணுச் சாவி செய்து கொடுப்பது எங்கள் வேலை. ஆராய்ச்சிக்கு யாரது அண்ணனும் நானும், காவலுக்கும் தேத்தண்ணிக்கும் வாச்சர் மாரிமுத்து. "அந்தப் பங்களாவுல என்னதான் செய்றீங்க?" என்று தலவாக்கலையில் அம்மா கேட்பார். "பூட்டு செய்றோம்மா" என்பேன். "அப்ப ஏன்டி கையில கறையே இல்ல?" என்று சந்தேகமாகப் பார்ப்பார்.

திங்கட்கிழமை காலையில் ஆளுக்கொரு சீட்டு எடுக்க வேண்டும். அதில் எழுதியிருக்கும் வார்த்தைதான் அந்த வாரம் முழுக்க நம்முடைய அடையாளம். அவர் "யாரது?" என்றால் அதைச் சொன்னால்தான் உள்ளே விடுவார். ஒரு வாரம் எனக்கு "பீட்ரூட்" வந்தது. மறந்துபோய் "நான்தான் அண்ணே" என்றேன்.

"நான்தான்னு எல்லாத் திருடனும் சொல்லுவான் தங்கச்சி."

கரட் என்றேன், லீக்ஸ் என்றேன். மூன்று தப்பு ஆகிவிட்டது. மூன்று தப்புக்கு அரை மணி நேரம் வெளியே நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அன்றைக்கு நல்ல மழை.

மாரிமுத்துவின் கதை இதைவிட மோசம். ஒருநாள் தலைதெறிக்க ஓடிவந்து கதவை இடித்தார்.

"யாரது?"

"சேர், குசினி பத்துது சேர்!"

"அது இந்த வாரத்து வார்த்தை இல்லையே."

மாரிமுத்துவுக்கு வார்த்தை ஞாபகம் வருவதற்குள் அடுப்படிக் கூரை பாதி எரிந்து போய்விட்டது. அதற்கும் அண்ணன் அசரவில்லை. "கூரைய வாங்கலாம். ஒருக்கா கதவத் தொறந்து பழகிட்டா அத மாத்த ஏலாது" என்றார்.

பங்களாவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு பிஸ்கட் டின். வருகிறவர்கள் எல்லோரும் போனை அதில் போட்டு மூட வேண்டும். எடுத்தாலும் பேச முடியாது என்பது வேறு விஷயம். அந்த மலை முழுக்க, கீழ்ச் சரிவில் ஒரு பாறைமேல் நின்றால் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும்.

இனி பனியின் வேலையைச் சொல்கிறேன். நல்ல சாவிக்கு யாராலும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். கணினி தானாகத் தருகிற எண்களை அண்ணன் நம்பமாட்டார். "அது மனுசன் செஞ்சது. மனுசன் செஞ்சதுல எங்கயாவது ஒரு ஒழுங்கு ஒளிஞ்சிருக்கும்" என்பார். அதனால் கீழ்ச் சரிவைப் பார்த்தபடி ஜன்னலில் ஒரு கமராவைப் பொருத்தியிருந்தார். தேயிலைமேல் பனி அலைவதை அது படம் பிடிக்கும், அதிலிருந்து எண்கள் எடுப்போம். எண்கள் ஒழுங்கில்லாமல் இருந்தால் திரையில் பச்சை விளக்கு. ஏதாவது ஒழுங்கு தலைகாட்டினால் சிவப்பு. இந்தப் பனியை நம்பித்தான் கம்பனி மலையில் பங்களா பிடித்திருந்தது.

ஐப்பசி மழைக்குப் பிறகு சிவப்பு எரிய ஆரம்பித்தது. தினமும் பின்னேரம் சரியாக நாலு மணிக்கு எரியும், நாலே காலுக்கு அணையும். அண்ணன் அந்த நேரத்தில் பின்கதவு வழியாகக் காற்று வாங்கப் போய்விடுவார். திரைக்கு முன்னால் நான் தனியாக இருப்பேன். பனி அலையும், கலையும், சுருளும். அதற்கு நடுவே ஒரு கறுப்பு மட்டும் அசையாமல் நிற்கும். ஆள் உயரம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனி. கால்மணி நேரம் அப்படியே நின்றுவிட்டுக் கரைந்துபோகும். அறைக்குள் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தும் நான் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வேன்.

மாரிமுத்துவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கையிலிருந்த தட்டத்தைக் கீழே வைத்தார்.

"ஒங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா மிஸ்? நாலு மணிக்கு அந்தப் பனிக்குள்ள ஒரு கெழவி கூப்புடுது. யாரது, யாரதுன்னு. நான் ரெண்டு தரம் கேட்டேன். மூணாந்தரம் கேக்க நான் அங்க நிக்கல்ல."

பேய்க்கு அண்ணனின் வழக்கம் எப்படித் தெரிந்தது என்று நாங்கள் இருவரும் யோசித்தோம். உங்களுக்கு இதற்குள் விஷயம் புரிந்திருக்கும். அந்தப் பங்களாவில் இருந்திருந்தால் உங்களுக்கும் புரிந்திருக்காது.

செய்தி கொழும்புக்கு எட்டியது. வெள்ளிக்கிழமை கம்பனிப் பெரியவர், நாங்கள் கொழும்பு சேர் என்று சொல்பவர், நேரில் வருகிறார், நாலு மணிச் சிவப்பைத் தன் கண்ணால் பார்ப்பார். காரணம் தெரியாவிட்டால் கமராவைக் கழற்றி, பங்களாவை மூடி, எங்களைக் கொழும்புக்கு மாற்றிவிடுவார்கள். அண்ணனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "கொழும்புக்கு நான் போக ஏலாது தங்கச்சி" என்றார். ஏன் என்று கேட்டேன், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

யாரோ வேண்டுமென்றே எங்கள் எண்களைக் கெடுக்கிறான் என்பது அவர் முடிவு. அந்த எதிரியைப் பிடிக்க ஒரு காலையில் அவரே பனிக்குள் இறங்கி "யாரது?" என்று கத்தினார். எதிர்மலையிலிருந்து "யாரது?" என்று வந்தது. வெளிறிப்போய்த் திரும்பினார்.

"நம்ம கேள்விய நமக்கே திருப்பி அனுப்புறான். இது தொழில் தெரிஞ்சவன் வேலை."

"அண்ணே, அது எதிரொலி."

"அப்புடித்தான் நம்மள நெனைக்க வைப்பான்."

வியாழக்கிழமை நாலு மணிக்குச் சிவப்பு எரிந்ததும் நான் எழுந்தேன். மாரிமுத்து வரமாட்டேன் என்று அடுப்படித் தூணைப் பிடித்துக்கொண்டார். தனியாக இறங்கினேன். நீட்டிய கை தெரியாத பனி. தேயிலைச் செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம், என் செருப்புச் சத்தம், அவ்வளவுதான். பிறகு கேட்டது. எனக்கு மிக அருகில், நடுங்குகிற கிழக்குரல்.

"யாரது?"

பக்கத்துத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பனிக்குள்ளிருந்து இன்னொரு குரல் பதில் சொன்னது.

"பசிக்குதும்மா."

"அட, வந்துட்டியா? வாய்யா, வா, சாப்புடு."

பிறகு மறுபடியும் "யாரது?" மறுபடியும் "பசிக்குதும்மா." இன்னும் இரண்டடி வைத்தேன். பாறைமேல் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், போனை ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி. பின்னால்தான் எனக்குத் தெரிந்தது: லீவு நாளில் எல்லாம் அவர் போய்வந்த டிக்கோயாவில், தங்கை வீட்டில் இருந்த அவருடைய அம்மாவுக்கு எல்லாம் மறந்துகொண்டே வந்தது. மகனின் பெயர் மறந்துவிட்டது, முகமும் மறந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டுவந்து வாசலில் அவன் கத்துகிற அந்தச் சொல் மட்டும் மிச்சம் இருந்தது. மூன்று தப்புக்கு நம்மை மழையில் நிறுத்துகிறவர், அதே பதிலைப் பதினைந்து தடவை சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சத்தமில்லாமல் திரும்பிவந்து நன்றாக அழுதேன்.

அண்ணன் உள்ளே வந்ததும் அவரைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துப் பதிவைக் காட்டினேன். நாலு மணிக்குத் திரையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லையே.

"இது யாரது?"

"நீங்கதான் அண்ணே."

"என்ன அத்தாட்சி?"

"தலையைப் பாருங்க. குஞ்சம்."

வட்டகொடையில் உச்சியில் உருண்டைக் குஞ்சம் வைத்த கம்பளித் தொப்பி போடுகிற பெரிய மனிதர் அவர் ஒருவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தோட்டத்து ஆட்களைச் சந்தேகப்பட்டிருந்தார், என்னைச் சந்தேகப்பட்டிருந்தார், கொழும்பைச் சந்தேகப்பட்டிருந்தார். விட்டுப்போன ஆள் ஒருவர்தான்.

மறுநாள் கொழும்பு சேர் கேட்குமுன்பே, சிவப்புக்குக் காரணம் எழுதுகிற பதிவுப் புத்தகத்தை அண்ணன் அவர் முன்னால் வைத்தார். அதில் எழுதியிருந்தது: "தாக்கியவர்: நான். நோக்கம்: அம்மா." சேர் அதை இரண்டு முறை படித்தார். "கமராவ அந்தப் பக்கத்து மலைக்குத் திருப்பி வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். பங்களா தப்பித்தது. நாலு மணி ஆனதும் அண்ணன் எங்கள் எல்லோர் முன்னாலும் டின்னைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போனார்.

அடுத்த வருடம் அண்ணனின் அம்மா போய்ச் சேர்ந்தார். அதன் பிறகும் நாலு மணிக்குப் பாறைக்குப் போவதை அவர் விடவில்லை, போனை மட்டும் டின்னிலேயே விட்டுவிடுவார். போன மார்கழியில் ஒருநாள், லீவுக்கு டிக்கோயா தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. பங்களாவில் "யாரது?" என்று கேட்க இப்போது ஆள் இல்லை. திங்கட்கிழமைகளில் நானும் மாரிமுத்துவும் சீட்டு மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

அவருடைய காரியம் முடிந்த மறுநாள் நாலு மணிக்குச் சிவப்பு எரிந்தது. கமரா பார்ப்பது அந்தப் பக்கத்து மலையை. அங்கே பாறை கிடையாது, நடைபாதை கிடையாது, கீழே வெறும் பள்ளம். பனிக்கு நடுவே ஒரு கறுப்பு நின்றது, ஆள் உயரம். உச்சியில் சின்னதாக உருண்டையாக ஏதோ ஒன்று. நாலே காலுக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் வருகிறது. பள்ளத்திலிருந்து காற்று அந்த நேரம் பார்த்து ஏறுவதாக இருக்கலாம். மாரிமுத்து திரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "மிஸ், எறங்கிப் போய்க் கேட்டுப் பாப்பமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

சிவப்பு எரிந்தால் காரணம் எழுத வேண்டும், அது அவர் போட்ட சட்டம். அந்தப் பதினைந்து நிமிடத்து எண்களைத் தள்ளிவைத்துவிட்டு, தினமும் பதிவுப் புத்தகத்தில் எழுதுகிறேன்: "தெரிந்த ஆள். கேட்கத் தேவையில்லை."