குங்குமம் வைத்த மருந்துப் புட்டி

படித்தவர்கள் முட்டாள்தனம் செய்தால் கையுறை போட்டுக்கொண்டு ரொம்பச் சுத்தமாகச் செய்வார்கள். எனக்கு அதில் முனைவர் பட்டமே உண்டு.

அப்போது கோவையில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு இரண்டாவது வருடம். வேலை தசை செல்களோடு. குட்டிச் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்று, கடைசியில் ஒன்றாகக் கலந்து நீளமான இழையாகிவிடும். கலப்பதற்கு முன்னால் இரண்டு செல்களுக்கும் நடுவில் நுண்ணிய குழாய்கள் திறந்து, சின்னச் சின்னப் பொருள்கள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வரும். அந்தக் குழாய்களுக்குப் பெயர் கேப் ஜங்ஷன். (சூலூரில் விசைத்தறி ஓட்டும் என் அப்பாவிடம் இதை விளக்கினேன். "இதென்ன கண்ணு அதிசயம், கல்யாணத்துக்கு முந்தி ரெண்டு ஊட்டுக்காரங்களும் பேசிக்க மாட்டாங்களா" என்றார்.) அந்தப் பேச்சை நிறுத்தினால் கல்யாணமும் நிற்குமா என்பதுதான் என் ஆராய்ச்சி. ஒரு தட்டில் குழாயை அடைக்கும் மருந்து விட வேண்டும். இன்னொன்று சாதாத் தட்டு. ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் என் ஆராய்ச்சியை எடை போடும் கமிட்டி. அவர்கள் தலையாட்டினால் தொடரலாம். இல்லையென்றால் இரண்டு வருட வேலையைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு தலைப்புத் தேட வேண்டும்.

பூஜையன்று காலை மருந்து விட வேண்டிய தட்டை, செல்களை உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டரிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தேன். மருந்தை அளந்து சொட்டுவிடும் பிப்பெட்டை எடுக்கப் போனால், அத்தனை பிப்பெட்டும் சந்தனப் பொட்டோடு பொரிகடலைக்குப் பக்கத்தில் படைத்திருந்தது. படைத்தவள் நானேதான். தறிக்காரர் வீட்டில் பிறந்தவள், பூஜைக்கு வைத்த ஆயுதத்தைத் தொடுவேனா? எங்கள் வீட்டில் அன்றைக்குக் கத்தரிக்கோலைத் தொட்டாலே முதுகில் விழும். சரி, பூஜை முடியட்டும் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்தேன். மைக்ராஸ்கோப்புக்கு மட்டும் மூன்று. அப்புறம் பொரியைத் தின்றுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் வந்து பார்த்தால் தட்டு ஏசிக் குளிரில் மேஜையிலேயே கிடந்தது. மருந்தை விட்டுவிட்டு உள்ளே வைக்க மறந்திருக்கிறோம் என்று நானே முடிவு செய்து இன்குபேட்டருக்குள் தள்ளிவிட்டேன். (மூளையையும் பூஜைக்கு வைத்துவிட்டேன் போல.)

கமிட்டியன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சாதாத் தட்டில் நீள நீளமாக இழைகள். மருந்துத் தட்டில் செல்கள் தனித்தனியாகவே நின்றன. "மருந்து பேச்சை நிறுத்தியது, பேச்சு நின்றதால் கலப்பு நின்றது" என்று அரை மணி நேரம் முழங்கினேன். வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பரம மரியாதைக்காரர்.

"ஏனுங்க அம்மணி, குழாய் நெசமாவே அடைச்சிருக்குங்களான்னு சாயம் உட்டுப் பாத்துறலாமுங்களா?"

"தாராளமா பாக்கலாமுங்க சார்."

மருந்துத் தட்டில் செல்களுக்கு நடுவே ஒரு கீறல் போட்டு, ஒளிரும் சாயம் விட்டோம். கீறல் பட்ட செல்லுக்குள் சாயம் போகும். குழாய் அடைத்திருந்தால் அங்கேயே நிற்கும். நான்தான் முதலில் பார்த்தேன். சாயம் நிற்கவில்லை. பக்கத்துச் செல், அதற்கும் பக்கத்துச் செல் என்று வரிசையாகப் பச்சை பரவியிருந்தது.

பேராசிரியரும் குனிந்து பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானுங்களே பேசிக்குது" என்றார்.

என் கைடு மேடம் என்னைப் பார்க்காமலே, "அந்த மருந்துப் புட்டிய எடுத்துட்டு வாம்மா" என்றார்.

ஃப்ரிட்ஜைத் திறந்தேன். இருந்தது ஒரே ஒரு புதுப் புட்டி. மூடியில் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். அதற்குக் கீழே சீல், கம்பெனியிலிருந்து வந்தபடி, உடையாமல். அந்தத் தட்டில் ஒரு சொட்டு மருந்துகூட விழவே இல்லை. செல்கள் சேராமல் நின்றது ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்ததால்.

புட்டி மேஜையைச் சுற்றிக் கை மாறியது. அவமானத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. கடைசியாகப் பேராசிரியர் கைக்கு வந்தது.

"பொட்டு ரொம்ப லட்சணமா வெச்சிருக்கீங்க. மருந்தும் ஒரு சொட்டு உட்டிருக்கலாமுங்க."

தலைப்பு தப்பியது. மூன்று மாதத்தில் திரும்பச் செய்து காட்டச் சொன்னார்கள். இந்த முறை சீலை உடைத்தேன். சாயம் கீறலோடு நின்றது, இழைகளும் பாதிக்குமேல் குறைந்தன. அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தபோது அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. "குளிருல கெடந்ததெல்லாம் பொழச்சுதா கண்ணு?" என்று கேட்டார். மற்றவர்கள் இன்றுவரை சிரிக்கிறார்கள்.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். "காலைலயே மாத்திரை குடுத்துட்டனுங்க, இன்னும் எறங்கல, டாக்டர மாத்தோணும்" என்று வீட்டுக்காரரிடம் குதித்துக்கொண்டிருந்தேன். அவர் சமையலறைக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்துவந்து என் கையில் வைத்தார். பத்தும் இருந்தன.

"டாக்டர அப்பறம் மாத்திக்கலாமுங்க," என்றார். "மொதல்ல ஒண்ணு குடுத்துப் பாக்கலாம்."